பவளத்தொட்டி வைக்கப் போகிறீர்களா? பாசியிலிருந்து தொடங்குங்கள்

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் தொட்டிப் படங்களில் பல ஒரே மாதிரி இருக்கும். பவளத்தொட்டி, அதாவது உப்புத் தண்ணீரில் பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைத்து ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ ஆகியிருக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருந்த மணல் மேல் பழுப்பாக ஒரு போர்வை, பாறை முழுக்கப் பச்சை முடி. கீழே ஒரு கேள்வி: "அண்ணா, எந்த மருந்து ஊத்தணும்?"

நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

பாசி வந்த பிறகு விரட்டுவதைவிட, முதல் லிட்டர் தண்ணீர் ஊற்றும்போதே அதை நினைவில் வைத்திருப்பது எளிது. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். நான்கையும் நாமே வாங்கித் தருகிறோம். அதனால் புதுத் தொட்டியில் பாசி வருவது உங்கள் தோல்வி இல்லை. கடலில் ஒரு வெற்றுப் பாறையைப் போட்டாலும் முதலில் குடியேறுவது பாசிதான். உள்ளே எவ்வளவு சத்து வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற வரவு செலவுக் கணக்கு தெரிந்தவர் அந்தக் காலத்தைக் கடந்துவிடுகிறார். கணக்கு தெரியாதவர் ஆறாம் மாதம் தொட்டியை விற்றுவிடுகிறார். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கைப் பற்றியது. நான் சென்னையில் தொட்டி வைத்திருப்பவன் என்பதால் இங்குள்ள தண்ணீர், வெயில், மின்வெட்டு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் நல்ல அளவு. 60 × 45 × 45 செ.மீ. என்றால் கணக்குப்படி 121 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னதாக 20, 30 லிட்டரில் வைக்கலாமே என்று தோன்றும், விலையும் குறைவு. ஆனால் தண்ணீர் குறையக் குறைய எல்லாம் வேகமாக மாறும். ஒரு மீன் செத்து ஒளிந்து கிடந்தால் 100 லிட்டரில் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். 20 லிட்டரில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கண்ணாடி, பாறை, மணல், கீழே வைக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். ஆட்டம் இல்லாத ஸ்டாண்டும் சமமான தரையும் வேண்டும். ஜன்னல் ஓரம் வேண்டாம். நேர் வெயில் பாசியை வளர்ப்பது ஒரு பக்கம், சென்னை வெயிலில் தண்ணீர் சூடாவது அதைவிடப் பெரிய ஆபத்து.

சம்ப் வைக்க முடிந்தால் கட்டாயம் வையுங்கள். புரோட்டீன் ஸ்கிம்மரும் ஹீட்டரும் கண்ணில் படாமல் அதில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால், சத்தை உறிஞ்ச நாமே விரும்பி வைக்கும் கீட்டோ பாசியை வளர்க்கவும் அங்கேதான் இடம். ஸ்கிம்மர் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளால் கழிவைத் தண்ணீரில் சிதைவதற்கு முன்பே நுரையாக ஏற்றி ஒரு கோப்பையில் கொட்டும். அந்தக் கோப்பையில் சேரும் கறுப்புத் தண்ணீரின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தால், அது தொட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் யாருக்கு உணவாகியிருக்கும் என்பது புரியும்.

தண்ணீர்

இந்த ஒரு படியில் யாரும் அவசரப்படக் கூடாது என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், இருபது லிட்டர் கேன், சமையலறை ஆர்.ஓ., இவற்றில் எதுவும் நேரடியாக ஆகாது. கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் சுத்தம்தானே என்பார்கள். குடிக்கச் சுத்தம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையோ தாதுக்களையோ கலந்து விடுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 40, 60, 80 என்று காட்டும். அதில் எத்தனை பங்கு நைட்ரேட், எத்தனை பங்கு பாஸ்பேட், எத்தனை பங்கு சிலிகேட் என்று அந்த மீட்டர் சொல்லாது.

அந்த 60 ஏன் பெரிய விஷயம் என்றால், தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. கரைந்திருப்பது எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். மின்விசிறி ஓடும் என் தொட்டியில் கோடையில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் குறையும். முப்பத்து மூன்று நாளில் 100 லிட்டர். அதாவது மாதம் ஒருமுறை ஒரு முழுத் தொட்டி அளவு தண்ணீரின் அழுக்கை உள்ளே சேர்த்துக்கொண்டே போகிறோம். ஆறாவது வாரம் பச்சை முடி முளைப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். 0 இருக்க வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி அலச, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு டிரம்மில் அள்ளி வரலாமே என்பது அடுத்த யோசனை. கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் அள்ளிய தண்ணீரைப் பவளத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. மழைக்காலத்தில் அதன் உப்பளவும் நாளுக்கு நாள் மாறும். கடைகளில் கிடைக்கும் கடல் உப்பையே வாங்குங்கள். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றே முக்கால் கிலோ பிடிக்கும். தனி டிரம்மில், சின்ன மோட்டார் ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கலக்க வேண்டும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, அடர்த்தியில் 1.025 அல்லது 1.026 வர வேண்டும். அந்தக் கருவியை வெறும் தண்ணீரில் சரிபார்ப்பதைவிட, 35 பிபிடி கரைசல் ஒரு குப்பி வாங்கி அதில் சரிபார்ப்பது நம்பகமானது.

தினமும் குறையும் தண்ணீருக்கு டி.டி.எஸ். 0 உள்ள நல்ல தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. உப்பு ஆவியாவதில்லை. புதியவர்கள் இதில் தடுக்கி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெயிலும் கரண்ட்டும்

25 முதல் 27 டிகிரி நல்லது. 30ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி காற்றடித்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அந்த வித்தை பலிக்காது. சித்திரை, வைகாசியில் அறை முழுநேரம் ஏசியில் இல்லையென்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கத்தான் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் தெரியவந்தால் வலிக்கும்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கை விட்டுவிட்டு, தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் மோட்டாரை மட்டும் மாட்டிவிடுங்கள், பல மணி நேரம் தாங்கும்.

பாறை, மணல், சட்டம்

வெளிநாட்டு வீடியோக்களில் "லைவ் ராக்" போடச் சொல்வார்கள். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் பவளக் கற்கள் அவை. நம் நாட்டில் அதை நினைக்கவே வேண்டாம். 2001-ல் கடினப் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி இவற்றோடு சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், வந்துவிட்டன. கடல் குதிரையும் அப்படியே. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லி யாராவது ஒரு கல்லைக் காட்டினால் விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் வெட்டி எடுக்கப்பட்டவை; மீண்டு எழ முயலும் இடத்திலிருந்து நம் வரவேற்பறைக்காக ஒரு கல்லும் வரக் கூடாது.

துளைகள் நிறைந்த செயற்கைப் பாறைகள் இப்போது கிடைக்கின்றன. 100 லிட்டருக்குப் பத்துக் கிலோ போதும். சுவர் போல அடுக்காமல் இரண்டு குன்றாக, இடையில் வெளி விட்டு, பின்பக்கம் கை போகும்படி அடுக்குங்கள். தண்ணீர் ஓட்டம் புகாத மூலையில்தான் குப்பை தங்கும், குப்பை தங்கும் இடத்தில்தான் பாசி முளைக்கும். அராகோனைட் என்ற சுண்ணாம்பு மணலைக் கழுவி இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். மணிக்கு 3000 முதல் 4000 லிட்டர் வேகமுள்ள வேவ்மேக்கர் ஒன்று போதும்.

பாக்டீரியாவுக்குக் காத்திருப்பது

இனி மூன்று முதல் ஆறு வாரம் மீன் இல்லாத தொட்டி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டும் பாறையில் குடியேற வேண்டும். அம்மோனியம் குளோரைடு கரைசலை விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மி.கி., அளவுக்கு ஏற்றுங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவையும் சேர்த்தால் சீக்கிரம் முடியும். ஊற்றிய 2 பிபிஎம் ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் 0 காட்டினால் தொட்டி தயார்.

அந்த வாரங்களில் விளக்கைப் போடாதீர்கள். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் வேண்டாம், பாசிக்கு வேண்டும். வெறும் பாறையை விளக்கு போட்டு ரசித்துக்கொண்டிருந்தால் பாசிக்கு ஒரு மாதம் முன்கூட்டியே வாடகைக்கு விட்டதாகிவிடும்.

முதல் மீனாக ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் பிடித்ததை வாங்காமல் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பில் நெடுநாள் வேலை செய்திருக்கின்றன. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் விசாரித்தால் பண்ணை மீன் கிடைக்கும். அது தீனி தின்னப் பழகியிருக்கும், நோயும் குறைவு.

மீனுக்குத் தீனியாகும் ஆர்டீமியா என்ற குட்டி இறால் வகையை உறைந்த நிலையில் அப்படியே கட்டியாகத் தொட்டியில் போடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் கரையவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, சாற்றைக் கொட்டிவிட்டு இறைச்சியை மட்டும் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

பாசி வரும் வரிசை

முதலில் வருவது டயட்டம் என்ற நுண்பாசி. காப்பித்தூள் தூவியது போல மணலும் கண்ணாடியும் பழுப்பாகும், விரலால் தொட்டால் புகை போலப் பறக்கும். அதன் ஓடு சிலிகாவால் ஆனது. புது மணலிலும் தண்ணீரிலும் இருக்கும் சிலிகேட் தீர்ந்தால் அதுவும் தீரும். இரண்டு முதல் நான்கு வாரம். ஒன்றும் செய்யாதீர்கள், கண்ணாடியைத் துடைத்தால் போதும். இரண்டு மாதம் ஆகியும் போகவில்லையென்றால் டி.ஐ. ரெசினைப் பாருங்கள்.

அடுத்தது பச்சை முடிப்பாசி. படங்கள் அனுப்பும் அன்பர்களின் துயரம் பெரும்பாலும் இதுதான். சோதனைக் குப்பியில் நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 வருகிறது, ஆனாலும் பாசி வளர்கிறதே, கிட் பொய் சொல்கிறதா என்று கேட்பார்கள். கிட் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் இருந்ததைப் பாசி தின்றுவிட்டது. சம்பளம் வந்த அன்றே தீர்ந்துவிடும் வீட்டில் மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்து பார்த்து, இந்த வீட்டுக்கு வருமானமே இல்லை என்று சொல்வது போன்றது அது.

இன்னொன்றும் உண்டு. பாஸ்பேட் சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் பாறையிலிருந்து மெல்லக் கசியும். அதனால்தான் எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் முடிப்பாசி உடனே போகாது.

நான் செய்வது இது. சனிக்கிழமை காலை மோட்டார்களை நிறுத்திவிட்டு, ஒரு கையால் பாசியைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டே மறு கையில் சின்னக் குழாயைப் பிடித்து உறிஞ்சி எடுப்பேன். பிய்ந்த இழை மிதந்து போய் இன்னொரு இடத்தில் ஊன்றக் கூடாது. தனியாக எடுக்கக்கூடிய கல்லை, தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். குழாயில் வெளியேறும் பத்து பன்னிரண்டு லிட்டரே அந்த வாரத் தண்ணீர் மாற்றம். பிடுங்கிய ஒவ்வொரு பிடிப் பாசியும் பூட்டி வைத்த பாஸ்பேட்டோடு வெளியே போகிறது. மருந்தடித்துக் கொன்றால் அது செத்து, அழுகி, அதே சத்தைத் தொட்டிக்கே திருப்பிக் கொடுக்கும். கையால் பிடுங்குவதற்கு ஈடு எதுவும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதோடு விளக்கை ஆறு ஏழு மணி நேரமாகக் குறைத்து, வெள்ளையையும் சிவப்பையும் தணித்து நீலத்தை மட்டும் ஓடவிடுங்கள். வடிகட்டிப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழுக்குப் பஞ்சு என்பது தொட்டிக்குள்ளேயே வைத்த குப்பைத் தொட்டி. பவளம் ஒட்டாத கல்லில் பிடிவாதமான திட்டு இருந்தால், வெளியே எடுத்து 3% ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தொட்டித் தண்ணீரில் அலசி வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம் இன்னும் மோசமாகிவிட்டது போலத் தோன்றும், நிறுத்தாதீர்கள்.

சிவப்போ கருஞ்சிவப்போ வழுவழுப்பான தோல் போல மணல் மேல் படர்ந்து, உறிஞ்சினால் ஒரே தாளாக உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. பெயர்தான் சொல்கிறதே, பாசி இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தைத் தேடி வரும். வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள், உறிஞ்சி எடுங்கள். ஆன்டிபயாடிக் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆறு வாரம் காத்திருந்து குடியேற்றிய நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து நாம் ஏன் கொல்ல வேண்டும்?

இறகு போலக் கிளைத்த கரும்பச்சைப் பாசி பிரையாப்சிஸ். அதை நத்தைகளும் தொடா, சத்தைக் குறைத்தாலும் சாகாது. இதற்கு மட்டும் மருந்து ஏற்கிறேன். மனிதர்களுக்கான பூஞ்சை மருந்து ஃப்ளூகோனசோல், லிட்டருக்கு 5 மி.கி. அளவில், வடிகட்டியில் கார்பன் இருந்தால் அதை எடுத்துவிட்டு, ஸ்கிம்மர் கோப்பையைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று வாரம். மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து அது. பாசி சாகும்போது வெளிவரும் சத்துக்குத் தண்ணீர் மாற்றத் தயாராக இருங்கள். பச்சைக் கண்ணாடிக் குண்டு போன்ற குமிழிப் பாசி வந்தால் கல்லை வெளியே எடுத்து உடைக்காமல் நெம்பி எடுக்க வேண்டும்.

பூஜ்ஜியத்தின் ஆபத்து

என் முதல் தொட்டியில் நான் முடிப்பாசியை வெறுத்த வெறுப்பில், பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடுத் துகளைச் சொன்ன அளவைப் போல மூன்று மடங்கு போட்டேன். மீன்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தீனி. பத்து நாளில் எல்லாச் சோதனையிலும் 0. முடிப்பாசி வெளிறி உதிர்ந்தது. ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு பாறை மேல் பழுப்பாக, சளி போல, நூல் நூலாக ஒன்று தொங்கியது. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. காலையில் குறைவாக இருக்கும், மாலைக்குள் எல்லாவற்றையும் மூடிவிடும். நான்காம் நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மணல் மேல் கவிழ்ந்து கிடந்த அந்த எட்டு நத்தைகளையும் எடுத்துப் போட்ட நாளை நான் மறக்கவில்லை.

அது டைனோ. டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஓருயிரணு உயிரி. அதன் சில இனங்கள் நஞ்சு சுரக்கும். பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் சூசாந்தெல்லேயும் டைனோஃப்ளாஜெல்லேட்தான் என்பதைப் பிறகு படித்தபோது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே குலம். ஒன்று பவளத்தை வாழ வைக்கிறது, மற்றொன்று தொட்டியைச் சுடுகாடாக்குகிறது. நான் பாசியையும் பாக்டீரியாவையும் பட்டினி போட்டுக் காலி செய்த இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

டைனோவா, டயட்டமா என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் எடுத்துச் சின்னப் புட்டியில் போட்டு நன்றாகக் குலுக்கி, காப்பி வடிதாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மீண்டும் நூலாகத் திரண்டால் டைனோ. மலிவான நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்த்துளி வடிவில், ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். அது இரவில் பாறையை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், ஆகவே தண்ணீர் கடந்து போகும் யூ.வி. (புற ஊதா) விளக்குக்குச் சிக்கும். மணலோடு ஒட்டியே கிடந்தால் ஆம்ஃபிடினியம், அதற்கு யூ.வி. பயன்படாது, சிலிகேட் சேர்த்து டயட்டத்தை வளரவிட்டுத்தான் அதன் இடத்தைப் பறிக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான வைத்தியம் ஒன்று: சத்தை ஏற்றுவது. துகளை எடுத்துவிட்டு, தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம்முக்கும் பாஸ்பேட்டை 0.1 பிபிஎம் அருகேயும் கொண்டு வந்தேன். யூ.வி. மாட்டி மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடினேன். முழுதாகப் போக இரண்டரை மாதம் ஆனது. நடுவில் முடிப்பாசி மீண்டும் துளிர்த்தது. அதைப் பார்த்து அன்று நான் சந்தோஷப்பட்டேன்.

அதிலிருந்து என் கணக்கு மாறவில்லை: நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. குறைக்க வேண்டியிருந்தாலும் வாரக்கணக்கில் குறைப்பேன், பூஜ்ஜியம் வரை போக மாட்டேன்.

மேய்ப்பவர்கள்

கரீபியன் கடலில் 1983, 84-ல் டயடீமா என்ற, பாசியை மேயும் நீண்ட முள் கடல் முள்ளெலிகள் ஏதோ நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை அதற்கு முன்பே மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-ல் அடித்த பெரும்புயலில் பவளமும் நொறுங்கியிருந்தது. மேய ஆளில்லை. 1970-களின் பிற்பகுதியில் பாதிக்கு மேல் பவளமாக இருந்த திட்டுகளில் 1990-களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பவளம் மிஞ்சியது. 4 விழுக்காடாக இருந்த பாசி 92 விழுக்காடாகியது. ஒரு கடலுக்கே அந்த நிலை என்றால் இரண்டடித் தொட்டி எம்மாத்திரம்?

எனவே டயட்டம் தெரிந்த வாரமே நத்தைகளை விடுங்கள், முதலில் ஆறு, பிறகு தேவைக்கேற்ப. டிரோக்கஸ் வகை கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா நிமிராது, தினமும் நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். மணலைக் கிளற நசாரியஸ் இரண்டு. பாறையைக் கொறித்துக்கொண்டே திரியும் லான்மோவர் பிளென்னி இந்த அளவுத் தொட்டிக்குப் பொருந்தும், பாசி தீர்ந்ததும் அதற்கு நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளைக் கிள்ளிக் கொடுக்க வேண்டும். டாங் மீன்கள் நன்றாக மேயும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் நாள் முழுக்க நீந்தும் அந்த மீனுக்கு நான்கடித் தொட்டியே குறைந்தபட்சம். இரண்டடியில் அடைத்து வைப்பது கொடுமை.

சம்பில் கீட்டோ பாசியை ஒரு பந்து போட்டு, மேலே விளக்கு அணையும் இரவில் அதற்கு விளக்கு எரியவிடுங்கள். வேண்டாத பாசி தின்ன வேண்டியதை அது தின்னும். மாதம் ஒரு பிடி அறுத்து எறிந்தால் கணக்கில் செலவுப் பக்கம் ஏறும்.

பவளம்

நான்காம் மாதத்துக்கு முன் வேண்டாம். மென்பவளங்களே போதும்: மஷ்ரூம், ஜோயாந்தஸ், லெதர். பண்ணையில் வெட்டி வளர்த்த ஃப்ராக் துண்டுகளாக, பில்லோடு வாங்குங்கள். கடினப் பவளம் பக்கம் போக வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். உப்பு 35, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் அருகே நிலையாக இருந்தால் போதும்; வாரத் தண்ணீர் மாற்றமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

வாங்கிய துண்டை அப்படியே தொட்டியில் வைக்காதீர்கள். மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்துவிட்டதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு பாசி அங்கே செய்ததை, ஃப்ராக்கின் அடிக்கட்டையில் ஒட்டி வரும் ஒரு பிரையாப்சிஸ் இழை உங்கள் தொட்டியில் செய்யும். என் எல்லாத் தொட்டித் தொல்லைகளிலும் பாதி அந்தச் சிறு கட்டையில்தான் வந்தன. பவளத்தை மெல்லப் பெயர்த்துப் புதுக் கட்டையில் ஒட்டிவிட்டு, பழையதை எறிந்துவிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை. ஜோயாந்தஸ், பாலித்தோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. பாசியைக் கொல்கிறேன் என்று அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள், நாய், பூனை உள்ள வீட்டில் இன்னும் கவனம்.

ஏழாம் எட்டாம் மாதம், பின்பக்கக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். நத்தை ஓட்டிலோ ஃப்ராக்கிலோ தொற்றி வந்த சுண்ணாம்புப் பாசி, கடுகளவில் ஊதாப் புள்ளியாக அங்கே ஒட்டியிருக்கும். பாறையில் அது படரும் இடத்தில் முடிப்பாசி எளிதில் ஊன்றாது. அன்றிலிருந்து முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தேயுங்கள், பின்பக்கத்தை அதற்கு விட்டுவிடுங்கள்.